டிராகனா, டிராகோவா?

அன்புள்ள ஐயா,

ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசும்போது வழக்கறிஞர்கள் அடிக்கடி ‘டிராகோனியன்’ என்கிறார்கள். நெருப்பைக் கக்கும் டிராகன் போலக் கொடூரமானது என்று அர்த்தம் என்கிறாள் என் தோழி. சரிதானா?

சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

அன்புள்ள மாணவிக்கு,

டிராகோ என்ற மனிதரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அந்தப் பெயருக்கே கிரேக்க மொழியில் பாம்பு என்று பொருள். டிராகனும் அதே வேரில் பிறந்ததுதான். உங்கள் தோழி குழம்பியதில் வியப்பில்லை.

கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸுக்கு முதன்முதலாகச் சட்டங்களை எழுதிவைத்தவர் டிராகோ. அதுவரை பிரபுக்கள் வாய்க்கு வந்ததுதான் சட்டம். கொலை விழுந்தால் பழிக்குப் பழி. டிராகோவின் சட்டத்தில் காய்கறி திருடினாலும் சோம்பித் திரிந்தாலும் மரண தண்டனை என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க். ‘சின்னக் குற்றத்துக்கே அது தகும், பெரிய குற்றத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லையே’ என்று டிராகோ சொன்னாராம். புளூடார்க் இதை எழுதியது ஏழு நூற்றாண்டுகள் கழித்து. ஆனாலும் கடுமை வெறும் கட்டுக்கதை அல்ல. தண்டனையின் கடுமையைத் தவிர அந்தச் சட்டங்களில் குறிப்பிட ஒன்றுமில்லை என்று அரிஸ்டாட்டிலும் சொல்கிறார்.

கி.மு. 594இல் சோலோன் என்ற ஏதென்ஸ் தலைவர் வந்து, கொலை பற்றிய சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் நீக்கினார். அந்தச் சட்டத்தை ஏதென்ஸ்காரர்கள் கி.மு. 409-408இல் மறுபடி கல்லில் வெட்டினார்கள். 1843இல் கிடைத்த அந்தக் கல் இன்றும் ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னை உலுக்கியது அதுதான். திட்டமிடாமல் கொன்றவனுக்கு அதில் மரணம் இல்லை, நாடுகடத்தல்தான். செத்தவரின் அப்பா, சகோதரர்கள், மகன்கள் எல்லாரும் சம்மதித்தால் மன்னிப்பும் உண்டு. ஒருவர் மறுத்தாலும் கிடையாது. அப்புறம் இன்னொன்று: எல்லைச் சந்தைகளுக்குக்கூட வராமல் ஒதுங்கி வாழும் கொலையாளியை யாராவது கொன்றால், ஓர் ஏதென்ஸ் குடிமகனைக் கொன்றவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. கொலை செய்தவனின் உயிருக்கும் சட்டம் காவல் நிற்கிறது! டிராகோவின் சட்டங்களில் நம் கைக்கு நேராக வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். அவர் பெயரோ கொடுமைக்கு அடைமொழியாகிவிட்டது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதற்காக அந்தச் சொல்லையே ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஜாமீன் கிடைப்பதையே அரிதாக்கும் சட்டத்தை வழக்கறிஞர்கள் அப்படிச் சொல்வது பொருத்தம்தான். தேர்வு அறையில் கைப்பேசிக்குத் தடை என்பதற்கெல்லாம் அது வேண்டாம். அந்தக் கல்வெட்டின் மொழிபெயர்ப்பை அவசியம் தேடி வாசியுங்கள். சின்னதுதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.