தேடினால் கிடைக்க வேண்டும்: சிறு தொழில் இணையதளங்கள் பற்றிய கேள்வி-பதில்

சிறு தொழில் நடத்துபவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே மனக்குறைதான் இருக்கிறது: தளம் இருக்கிறது, வருவதற்குத்தான் ஆள் இல்லை. காரணம் மட்டும் தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஒருவருக்குச் சொன்ன பதில் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் நிலைமை எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று பார்த்துப் படியுங்கள்.

கேள்வி: தளம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால்கூட கூகுளில் வரவில்லை. என்னென்ன சொற்களைச் சேர்த்தால் வரும்?

சொற்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சொந்தப் பெயருக்கே வராத தளம் பெரும்பாலும் கூகுள் தான் அறிந்த பக்கங்களை வைத்திருக்கும் பட்டியலான இன்டெக்ஸுக்குள்ளேயே நுழைந்திருக்காது. பத்தாம் பக்கத்தில் கிடப்பது ஒரு நோய், பட்டியலிலேயே இல்லாதது வேறொரு நோய். மருந்தை மாற்றிக் கொடுத்தால் காலம்தான் வீணாகும்.

முதலில் ஒரு சிறிய சோதனை. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கமும் வரவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் கணக்குத் தொடங்குங்கள். அது இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்திய பின், முகப்புப் பக்கத்தின் முகவரியை அங்கே கொடுத்தால், அந்தப் பக்கம் இன்டெக்ஸில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று அதுவே சொல்லும்.

நான் அடிக்கடி பார்க்கும் காரணம் மிகச் சிறியது. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கட்டம், ‘ரீடிங்’ அமைப்புகளில் இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது வடிவமைப்பாளர் அதில் டிக் போட்டுவைப்பார். அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்பதால் அது சரியான செயல்தான். வேலை முடிந்த நாளில் அதை எடுக்க மறந்துவிடுவதால், உரிமையாளர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். முதலில் இந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்த காரணம், தேடுபொறிகளுக்காகத் தளத்தில் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பு. இதையும், பக்கத்தின் நிரலில் எழுதும் நோஇன்டெக்ஸ் குறியையும் ஒன்றென்று பலரும் நினைக்கிறார்கள். ரோபோட்ஸ் கோப்பு, ‘உள்ளே வராதே’ என்று வாசலில் எழுதியிருக்கும் பலகை. நோஇன்டெக்ஸ், ‘இதைப் பட்டியலில் சேர்க்காதே’ என்று அறைக்குள் வைத்திருக்கும் சீட்டு. வாசலை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் சீட்டைக் கூகுளால் படிக்க முடியாது. பட்டியலில் வரவே கூடாத பக்கத்துக்கு வாசலைத் திறந்து வைத்துச் சீட்டை வைக்க வேண்டும். வர வேண்டிய பக்கத்துக்கு இரண்டுமே இருக்கக் கூடாது.

தடை எதுவும் இல்லையென்றால், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பைச் சர்ச் கன்சோலிலேயே சமர்ப்பித்துவிட்டுச் சில வாரம் பொறுத்திருங்கள்.

கேள்வி: முப்பது நாளில் முதல் இடம், அதற்கு உத்தரவாதம் என்கிறது ஒரு நிறுவனம். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். முதல் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்படி உத்தரவாதம் தருபவர்கள் வாக்கைக் காப்பாற்ற ஒரு வழி வைத்திருக்கிறார்கள். யாருமே தேடாத ஒரு நீண்ட சொற்றொடரைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உங்கள் தளம் முதலில் வருவதைக் காட்டுவார்கள். அல்லது காசு கொடுத்து விளம்பரம் போட்டு அதை முதல் இடம் என்பார்கள். விளம்பரம் நிற்கும் நாளில் அந்த இடமும் போய்விடும். விளம்பரம் கொடுப்பதால் இயல்பான தேடல் முடிவுகளில் உங்கள் இடம் உயர்வதும் இல்லை.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஒரு பட்டறை உரிமையாளரின் தளத்தைச் சீர்செய்ய உட்கார்ந்தபோது, டொமைன், அதாவது தளத்தின் முகவரி, அவர் பெயரிலேயே இல்லை என்று தெரிந்தது. அமைத்துக் கொடுத்தவர் தன் பெயரில் பதிந்திருந்தார். கட்டணத்தை நிறுத்தியதும் ஆறு ஆண்டு உழைப்பு ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று. டொமைன், சர்ச் கன்சோல், வரைபடத்தில் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் வணிகச் சுயவிவரம் மூன்றுக்கும் உரிமையாளர் நீங்களாகவே இருங்கள். வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

நேர்மையான ஆட்களும் இருக்கிறார்கள். ‘முதல் மாதம் எந்தப் பக்கத்தில் எதை மாற்றுவீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் பேசலாம். மாற்றங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுள் 2017இல் வெளியிட்ட காணொளி ஒன்றில் சொன்னது. என் அனுபவமும் அதுதான்.

கேள்வி: பக்கத்தின் நிரலில் வரும் ‘கீவேர்ட்ஸ்’ குறியில் நூறு சொற்களைச் சேர்த்திருக்கிறோம். போதுமா?

ஒன்றும் நடக்காது. தரவரிசைக்கு அந்தக் குறியைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

கேள்வி: மரச்சாமான்கள் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். தளத்தில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. போட்டியாளர்கள் நீளநீளமாகக் கட்டுரை போடுகிறார்கள்.

உங்கள் முகப்புப் பக்கத்தைப் படித்தேன். ‘தரமே எங்கள் அடையாளம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் வெற்றி’ என்று இருக்கிறது. அதில் நாற்காலி என்ற சொல்லே இல்லை. எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் வாசகம் எந்தத் தேடலுக்கும் விடையாகாது.

நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இத்தனை சொல் இருந்தால்தான் மேலே வரும் என்று கூகுள் எந்த அளவும் வைக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு வாரம் அழைப்பவர்கள் கேட்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ‘மறுசீரமைப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ‘நாற்காலி ஆடுது, சரிபண்ண முடியுமா?’ என்பார்கள். ‘மேசையில் தண்ணீர்க் கறை போகுமா?’, ‘செல்லரித்த கட்டிலைக் காப்பாற்றலாமா, புதிது வாங்கிவிடலாமா?’ என்று கேட்பார்கள். தேடல் பெட்டியில் அவர்கள் தட்டுவதும் இந்த மாதிரிச் சொற்களைத்தான். இந்தக் கேள்விகள்தான் உங்கள் தளத்தின் பக்கங்கள்.

‘எங்கள் சேவைகள்’ என்ற ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்காமல், முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆடும் நாற்காலிக்கான பக்கத்தில் ஏன் ஆடுகிறது, பிசின் விட்டுப்போன இணைப்பை எப்படிச் சரிசெய்கிறீர்கள், எத்தனை நாள் ஆகும், எந்த நிலைமையில் சரிசெய்வது வீண் என்பதையெல்லாம் எழுதுங்கள். கடைசி விஷயத்தை எழுதப் பலரும் தயங்குகிறார்கள். படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை பிறப்பது அந்த இடத்தில்தான். பழுதான நிலையிலும் சரிசெய்த பிறகும் நீங்களே எடுத்த படங்களைச் சேர்த்தால், அந்தப் பக்கம் வேறு எவரிடமும் இருக்காது.

பக்கத்தின் தலைப்புக் குறியில் ‘முகப்பு’ என்றோ ‘வரவேற்கிறோம்’ என்றோ விட்டுவிடாதீர்கள். ‘ஆடும் நாற்காலி, மேசை பழுதுபார்த்தல்’ என்று வேலையின் பெயரை எழுதி, பிறகு நிறுவனப் பெயரைப் போடுங்கள். தேடல் முடிவுகளில் ஆட்கள் கிளிக் செய்வது பெரும்பாலும் அந்த வரியைத்தான்.

மூன்று மாதம் கழித்துச் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறங்கள். எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். பலமுறை காட்டப்பட்டும் கிளிக் விழாத சொற்கள் உங்களுக்குப் புதையல். அந்தக் கேள்விக்கு உங்கள் பக்கம் நேராகப் பதில் சொல்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே இரவில் ஐம்பது கட்டுரை எழுதிப் போடலாமா?

கருவியைப் பயன்படுத்துவது தவறு என்று கூகுள் சொல்லவில்லை. ஆனால், தரவரிசைக்காகப் பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதை, அவற்றை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், விதிமீறல் என்று 2024 மார்ச்சில் தெளிவாக்கிவிட்டது. உங்கள் குறிப்புகளைச் சீராக்கக் கருவியின் உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யாத வேலையைச் செய்ததாக அது எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தளம் முழுக்கத் தமிழில் இருக்கிறது. தமிழில் தேடினால் வருவதில்லை. தமிழைக் கூகுள் ஒதுக்குகிறதா?

இல்லை. உங்கள் பக்கங்களில் இருப்பது தமிழே இல்லை என்பதுதான் சிக்கல். திரையில் தமிழாகத் தெரியும் வரிகள் ஒருங்குறிக்கு (யுனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைப்பவை. நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் தளத்தில் ஒரு வரியை நகலெடுத்துக் கைபேசியின் செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் ஒருங்குறி. கிறுக்கலாக வந்தால் எழுத்துரு மாற்றியைக் கொண்டு பக்கம் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

இதே வகையில் இன்னொரு தவறு, அழகான எழுத்தில் வடிவமைத்த விளம்பரத் தாளைப் படமாக ஏற்றிவிட்டு, அதையே பக்கம் என்று விட்டுவிடுவது. படத்துக்குள் இருக்கும் சொற்களை நம்பி இராதீர்கள். விவரத்தை எழுத்தாகவும் பக்கத்தில் எழுதுங்கள், படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரையும் கொடுங்கள்.

சொல்தேர்வில் பிடிவாதம் வேண்டாம். ‘பழுதுபார்ப்பு’ என்று எழுதும் கையாலேயே ஓரிடத்தில் ‘ரிப்பேர்’ என்றும் எழுதுங்கள், அப்படித் தேடுபவர்களே அதிகம் இருக்கலாம். தமிழை நேசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல தமிழைப் படிக்க வாடிக்கையாளர் முதலில் உள்ளே வந்தாக வேண்டும். ஆங்கிலப் பக்கமும் தேவையென்றால் அதற்குத் தனி முகவரி கொடுங்கள். ஒரே பக்கத்தில் பத்திக்குப் பத்தி இரண்டு மொழியையும் கலந்தால் யாருக்கும் பயன்படாது.

கேள்வி: வரைபடத்தில் எங்களுக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். எப்படி?

வரைபட முடிவுகளுக்குக் கூகுள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: தேடலுக்கு நீங்கள் எவ்வளவு பொருந்துகிறீர்கள், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்டவர். தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் ஓரளவு உங்கள் கையில். வணிகச் சுயவிவரத்தில் தொழில் வகை சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை தளத்திலும் சுயவிவரத்திலும் ஒன்றாக இருக்கட்டும். விடுமுறை நேரத்தைத் திருத்துங்கள். வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய் வேலை செய்பவர் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் பகுதியை மட்டும் காட்டலாம்.

நிறுவனப் பெயரோடு ‘மலிவான, சிறந்த’ என்றெல்லாம் ஒட்டாதீர்கள், அது விதிக்கு எதிரானது. வேலை முடிந்ததும் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அதற்குத் தள்ளுபடி தருவது தவறு. குறை சொன்னவருக்கும் அமைதியாகப் பதில் எழுதுங்கள், அடுத்து வருபவர் அதைத்தான் படிப்பார்.

கேள்வி: ஐந்நூறு இணைப்புகள் விற்பனைக்கு என்று மின்னஞ்சல் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். பிற தளங்கள் தரும் இணைப்பை ஒரு வகைச் சான்றாகக் கருதும் பேஜ்ரேங்க் முறையில்தான் 1998இல் கூகுளே பிறந்தது. சான்று விலைக்கு வந்தால் அதற்கு மதிப்பில்லை என்பதால், 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தின் மூலம் செயற்கை இணைப்புகளை நம்பிய தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது. உங்களுக்கு மூலப்பொருள் தரும் நிறுவனம், நீங்கள் உறுப்பினராக இருக்கும் தொழிற்சங்கம், நீங்கள் வேலை செய்துகொடுத்த அமைப்பு ஆகியவற்றிடம் தங்கள் தளத்தில் உங்களைக் குறிப்பிட முடியுமா என்று கேளுங்கள். ஐந்தாறு கிடைத்தாலும் அவை உண்மையானவை.

கேள்வி: தளத்தின் வேக மதிப்பெண் 62தான். நூறாக்க வேண்டுமா?

தேவையில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிகிறதா, படிக்கும்போது வரிகள் குதிக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியதுதான் பெரும்பாலும் காரணம். அளவைக் குறைத்து ஏற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். கூகுள் இன்டெக்ஸ் செய்வது கைபேசி வடிவத்தைத்தான் என்பதால் சோதனையைக் கைபேசியிலேயே செய்யுங்கள்.

கேள்வி: போன மாதம் தளத்தைப் புதிதாக வடிவமைத்தோம். அன்றிலிருந்து வருகை சரிந்துவிட்டது. பழைய வடிவத்துக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம். புதிய வடிவமைப்பில் பக்கங்களின் முகவரிகள் மாறியிருக்கின்றன. பழைய முகவரிக்கு வருபவருக்கு ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்புதான் கிடைக்கிறது. இத்தனை ஆண்டுகள் அந்த முகவரிகள் சேர்த்த பெயரும் அதோடு நிற்கிறது.

ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறித்தனம், பயனும் தராது. பழைய முகவரிகள் ஞாபகம் இல்லையென்றால் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் மாற்றத்துக்கு முந்தைய மாதங்களைத் தேர்ந்தெடுங்கள், அதிகம் கிளிக் வாங்கிய பக்கங்களின் பட்டியல் அங்கே கிடைக்கும். முதல் இருபதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். திசைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள், முடிந்தால் எடுக்கவே வேண்டாம். பழைய தளத்தின் கோப்புகளை வைத்திருந்த ஹோஸ்டிங் கணக்கை அதற்குள் ரத்து செய்துவிடாதீர்கள். புதிய பக்கத்தில் விட்டுப்போன பழைய வாசகங்களை அங்கிருந்துதான் மீட்டெடுக்க வேண்டியிருக்கும்.