உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஏழு வருடம் ஓடிய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். ட்ரையர் நன்றாக ஓடுகிறது. துவைக்கிற பக்கம் டைமரைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வருகிறது, அடியில் இருக்கும் தட்டு சுற்றவில்லை. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைத் திறக்காமலே, "மோட்டார் போச்சும்மா, மூவாயிரம் ஆகும். அதுக்கு எக்ஸ்சேஞ்சுல புதுசே எடுத்துடலாம்" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: திறந்தே பார்க்காதவர் சொன்னதை வைத்து மூவாயிரம் ரூபாயை எடுத்து வைக்காதீர்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார். ட்ரையர் ஓடுகிறதென்றால் பிளக், வயர் எல்லாம் சரி. வாஷ் மோட்டார் உறுமுகிறதென்றால் டைமர் வழியாக அதற்குக் கரண்டும் போகிறது. கரண்ட் போயும் ஏன் கிளம்பவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரையும் துணியையும் எடுத்துவிட்டு, தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் கனத்தோடு, ஆனால் தடையில்லாமல் சுற்றினால் என் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் மேல்தான். சீலிங் ஃபேன் சுவிட்ச் போட்டதும் சுற்றாமல், குச்சியால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றுமே, அதே கதை. (அதற்காக மெஷின் ஓடும்போது கையை விட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டாம்.) இந்தச் சாமான் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழையதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் வாங்க வேண்டும். நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும், தொட்டால் அடிக்கும்.

தட்டு அசையவே மறுத்தால் அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. நடுவில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் ஜாக்கெட் ஊக்கு, ஒற்றை ரூபாய், குழந்தையின் சாக்ஸ் என்று எதுவும் கிடைக்கலாம். வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. உதிர்ந்த கொலுசு முத்து கிடைத்தாலும் ஆச்சரியமில்லை! போர் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு அங்கே வெள்ளையாக உப்பும் படிந்திருக்கும். மாக்னசைட் வெட்டியெடுக்கிற மண்ணின் நிலத்தடி நீர் அப்படித்தான். மேட்டூர் தண்ணீர் வருகிற நாளில் துவைத்தால் இந்தத் தொல்லை குறையும். தட்டைத் தூக்கியும் அடியில் உள்ள தண்டு அசையவில்லையா? சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே இறங்கி கியர் பாக்ஸ் இறுகியிருக்கலாம். அது கொஞ்சம் பெரிய செலவு.

தட்டு லொடலொடவென்று கனமே இல்லாமல் சுற்றினால் பெல்ட் கழன்றிருக்கும், அல்லது தட்டின் நடுத்துளையில் உள்ள பற்கள் தேய்ந்திருக்கும். அப்போது உறுமல் கேட்காது, மோட்டார் விர்ரென்று ஓடும் சத்தம்தான் கேட்கும். வெறும் தண்ணீரில் சுற்றி, பெட்ஷீட் போட்டதும் நின்றுவிட்டாலும் பெல்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கேட்பது உறுமல் என்பதால் இது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

ஒன்று முக்கியம்: சுற்றுகிறதா பார்ப்போம் என்று உறுமவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். நின்ற இடத்தில் கரண்ட் இழுக்கிற மோட்டார் சூடேறி, உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துவிடும். அப்புறம் மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும்.

மோட்டார்தான் என்று அவர் மறுபடியும் சொன்னால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாஷ் மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றுவது. அதன் இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்று காட்டி ஒன்று காட்டவில்லை என்றால் அவர் சொல்வது சரி. அப்போதும் புது மோட்டாரில் இருப்பது காப்பர் காயிலா அலுமினியமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். டாப் லோட் ஃபுல்லி ஆட்டோமேட்டிக், மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி. தண்ணீர் பிடிக்கிறது, துவைக்க ஆரம்பிப்பதில்லை. சர்வீஸுக்கு போன் செய்தால் மலைக்கு மேலே வர தனிக் கட்டணம் என்கிறார்கள். கேட்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஆளைக் கூப்பிடுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். இந்த வகை மெஷின் தண்ணீர் குறித்த மட்டத்துக்கு ஏறாமல் சுற்றாது. டேங்க் உயரம் போதாமல் நூலாக வந்தாலும், தண்ணீர் வரும் பைப்பின் வாயில் இருக்கும் சின்ன வலையில் மண் அடைத்தாலும் இப்படித்தான் காத்துக்கொண்டு நிற்கும். வலையைக் கழுவிப் போட்டுப் பாருங்கள்.

கட்டணத்துக்கு வாரண்டி அட்டையின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியே வந்தால் போக்குவரத்துச் செலவு வாங்குவோம் என்று பல அட்டைகளில் இருக்கும். இருந்தால் வாதாடுவது கஷ்டம். பத்து வருடம் என்பதும் பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே. பெல்ட், போர்டு, கூலி எல்லாம் அதில் சேராது. அட்டையில் அப்படி எதுவும் இல்லாமல் பணம் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.