நிலமில்லாத, சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் அமெரிக்கக் கிராமத்தில் ஃபோர் ஹெச், எஃப்.எஃப்.ஏ. போன்ற விவசாயப் பிள்ளைகள் சங்கங்களில் சேர முடியுமா?

ஐயோவா மாநிலத்தில் ஒரு சின்ன கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) ஜூலையில் குடிபோகிறோம், மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒன்பதாம் வகுப்பு, சொந்த நிலம் கிடையாது, வீட்டில் சைவம், பிள்ளைகள் அங்கே விவசாயம் தொடர்பாக எதிலாவது சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். நாங்களும் அதே மாநிலத்தில், வாடகை வீட்டில், சைவச் சமையலோடுதான் இருக்கிறோம். எங்கள் மகள் சில ஆண்டுகளாக ஃபோர் ஹெச்சில் இருக்கிறாள்.

வந்து இறங்கியதும் முதலில் போக வேண்டிய இடம் கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ். ஏம்ஸில் இருக்கும் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கை கிராமம் வரை நீள்வது இந்த அலுவலகம் வழியாகத்தான். பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிப்பதை உழுகிறவன் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க 1914இல் ஸ்மித் லீவர் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் பிறந்த ஏற்பாடு இது. செடியில் புழு விழுந்தால் இலையைக் கிள்ளி எடுத்துப் போய்க் காட்டலாம். மண் பரிசோதனைக்கு எத்தனை ஆழத்தில் மண் எடுப்பது, எங்கே அனுப்புவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒவ்வோர் எக்ஸ்டென்ஷன் மன்றத்துக்கும் ஒன்பது பேரை ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தோட்டக்கலை வகுப்புக்கும் பிள்ளைகள் சங்கத்துக்கும் என்ன செலவழிப்பது என்று முடிவுசெய்வது பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார்.

ஃபோர் ஹெச் அந்த அலுவலகத்தின் பொறுப்பில்தான் நடக்கிறது. ஆங்கிலத்தில் ஹெச் எழுத்தில் தொடங்கும் தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்கையும் குறிக்கும் நாலிலைச் சின்னத்தை ஊரில் எங்கு திரும்பினாலும் பார்ப்பீர்கள். 1902இல் ஒஹையோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரேம் தொடங்கிய பிள்ளைகள் சங்கத்தைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். அதே காலத்தில் ஐயோவாவின் பேஜ் கவுண்டியில் ஜெஸ்ஸி ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியையும் மக்காச்சோளச் சங்கம் நடத்தினார். அன்றைக்குப் பெரியவர்கள் கல்லூரிக்காரர்கள் சொன்ன புது முறையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் தயங்காமல் செய்து பார்த்தார்கள். மகன் வயலில் விளைந்ததைப் பார்த்துத்தான் அப்பாக்கள் வழிக்கு வந்தார்கள்.

ஐயோவாவில் நாலாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உறுப்பினர் ஆகலாம். அதற்குக் கீழே உள்ள குட்டிகளுக்கு க்ளோவர் கிட்ஸ் உண்டு. மகளுக்குச் சரியான வயது.

சைவம் என்பதால் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான தயக்கம், மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். இறைச்சிக்கான பன்றி, ஆடு, காளைக் கன்று வளர்க்கும் பிள்ளைகள் பலர். வசந்தத்தில் குட்டியாக வாங்கிய பன்றி ஜூலையில் நடக்கும் கவுண்டி ஃபேருக்குள் (ஊர்க் கண்காட்சி) 120 கிலோ பக்கம் வந்துவிடும். ஃபேர் முடிவில் ஏலம். ஊர் வங்கியும் தீவனக் கடையும் சந்தை விலைக்கு மேலேயே கேட்பார்கள், பிள்ளையின் உழைப்புக்காக. ஏலம் முடிந்து பட்டிக்குத் திரும்பும் பிள்ளை குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதை வருடா வருடம் பார்க்கலாம். அப்பா அம்மா யாரும் அதட்ட மாட்டார்கள், பக்கத்தில் நிற்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வெயிலிலும் அதிகாலைக் குளிரிலும் எழுந்து தண்ணீர் வைத்தவர்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பது வரை பயிற்சி எடுத்துத் தெரிந்துகொண்டவர்கள். இதை உங்கள் மகளிடம் ஃபேருக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் திகைக்க விடாதீர்கள்.

ஆனால் கால்நடை என்றாலே இறைச்சி என்று இல்லை. முட்டைக் கோழி, முயல், நாய்ப் பயிற்சி எல்லாம் உண்டு. நம் ஊரில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, மாடு வளர்ப்பார்களே, அந்த மாதிரி பண்ணைக்காரரிடமிருந்து பால்மாட்டுக் கிடேரியை எடுத்துப் பராமரித்து, ஃபேரில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் பல கவுண்டிகளில் இருக்கிறது. ஷோமேன்ஷிப் என்று ஒரு போட்டி. அதில் மாட்டுக்கு மார்க் இல்லை, பிடித்து நடத்தும் பிள்ளைக்குத்தான்.

முதல் வருடம் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். மொட்டை மாடியும் வேண்டாம், ஏக்கரும் வேண்டாம். பின்வாசலில் நாலு தொட்டி போதும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மே மாதம் பாதி வரை இரவில் பனி விழுந்து செடி கருக வாய்ப்புண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை அதற்கு ஆறேழு வாரம் முன்பே வீட்டுக்குள் ஜன்னலோரம் போட்டுவைக்க வேண்டும்.

ஃபேரில் காய்கறி வைப்பது தனிக் கலை. நம் ஆட்கள் இருப்பதிலேயே பெரிய தக்காளியைப் பொறுக்குவோம். நடுவர் பார்ப்பது தட்டில் உள்ள எல்லாம் ஒரே அளவா, ஒரே நிறமா, ஒரே பக்குவமா என்பதைத்தான். அதைவிட முக்கியம், பல வகைகளில் நடுவர் பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசுவார். கூடவே ஒரு அட்டையும் எழுதித் தர வேண்டும். உன் இலக்கு என்ன, அதற்கு என்ன செய்தாய், என்ன கற்றுக்கொண்டாய் என்று மூன்றே கேள்விகள்.

என் மகள் தக்காளித் தட்டோடு உட்கார்ந்த நாளில் நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். நரைமுடி நடுவரம்மா பழத்தைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டு, "இதில் கறுப்பு விழவே இல்லையா?" என்று கேட்டார். "முதலில் காய்த்ததில் விழுந்தது" என்றாள். "ஏன்?" "ஒரு நாள் நிறையத் தண்ணி, அப்புறம் காயவிட்டுட்டேன். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணி சீராகப் போகாவிட்டால் காய்க்குப் போய்ச் சேராது. வைக்கோல் மூடாக்குப் போட்டேன், நின்றுவிட்டது." அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வைக்கோல் எத்தனை அங்குலம் என்று கேட்டார். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரியவர் உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேள்வி கேட்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மகனுக்கு எஃப்.எஃப்.ஏ. பார்க்கலாம். இது உயர்நிலைப்பள்ளி வேளாண் பாடத்தோடு சேர்ந்தது, 1928இல் தொடங்கியது. நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட்டைப் பார்த்தாலே தெரியும். மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு தொழிலோ வேலையோ ஆராய்ச்சியோ நடத்திக் கணக்கு எழுத வேண்டும். நாற்று விற்கலாம், ஒரு பண்ணையில் மாலை நேர வேலை பார்க்கலாம், விதை முளைப்புத் திறனைச் சோதிக்கலாம். பள்ளியில் வேளாண் ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கும்போதே விசாரியுங்கள். எல்லாப் பள்ளியிலும் இல்லை.

"நம்மை ஏற்றுக்கொள்வார்களா" என்ற கேள்விக்கும் வருகிறேன். பழைய கதை நல்ல கதை இல்லை. தென் மாநிலங்களில் ஃபோர் ஹெச் சங்கங்கள் நிறம் பார்த்துத் தனித்தனியாகத்தான் நடந்தன. கறுப்பின மாணவர்கள் தனியே என்.எஃப்.ஏ. என்று அமைப்பு வைத்திருந்தார்கள். 1965இல்தான் அது எஃப்.எஃப்.ஏ.வோடு இணைந்தது. பெண்களை எஃப்.எஃப்.ஏ. சேர்த்துக்கொண்டதே 1969இல். இன்றைக்கு எங்கள் அனுபவத்தில், ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில் வேலை செய்ய வருகிறவர்களை யாரும் விரட்டுவதில்லை. 2022 வேளாண் கணக்கெடுப்பில் அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 58க்கு மேல். இளசுகள் வந்தால் போதும் என்றுதான் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். பெற்றோர் வெறுமனே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகாமல் நாற்காலி எடுத்துப்போடவாவது நின்றால், அடுத்த வாரமே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

உங்களுக்கும் இடம் உண்டு. எக்ஸ்டென்ஷன் நடத்தும் மாஸ்டர் கார்டனர் என்ற தோட்டக்கலைத் தன்னார்வலர் பயிற்சி எடுத்தால், பதிலுக்கு ஊருக்காக உழைக்க வேண்டும். பல ஊர்களில் அவர்கள் பொதுத் தோட்டம் போட்டு, விளைவதை உணவு வங்கிக்குக் கொடுக்கிறார்கள். வெண்டை ஐயோவாவின் கோடை வெயிலுக்கு நன்றாகவே காய்க்கும். எப்படிச் சமைப்பது என்று உணவு வங்கியில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படும், அது நீங்களாகவே இருக்கலாம்.

ஃபோர் ஹெச் ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஜூலையில் வருகிறீர்கள் என்றால் பெட்டி பிரிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு கவுண்டி ஃபேருக்கு ஒரு நாள் போய்வாருங்கள். மகள் எந்தக் கொட்டகையில் அதிக நேரம் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு, அதை எக்ஸ்டென்ஷன் ஆபீஸில் சொல்லுங்கள். அந்த வேலை தெரிந்த சங்கத் தலைவர் யார் என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.