மாயர்கள் எங்கே போனார்கள்?

அன்புள்ள ஐயா,

பிப்ரவரியில் அலுவலக வேலையாக மெக்சிகோ போகிறேன். முடிந்ததும் ஒரு வாரம் குவாத்தமாலா. திகால் என்ற பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளைப் பார்ப்பது சிறுவயதுக் கனவு. மாயர்கள் போல ஓர் இனமே மர்மமாகக் காணாமல் போனது என்னை இன்னமும் உலுக்குகிறது. பயண ஏற்பாட்டாளர் ஆன்டிகுவா என்ற ஸ்பானியர் கால ஊரையும் ஒரு மலைச் சந்தையையும் சேர்த்திருக்கிறார். சந்தையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் துணிமணிதானே இருக்கும்? இரண்டையும் விட்டுவிட்டு முழு வாரமும் திகாலில் இருந்துவிடலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முக்கியமாகச் சந்தையை. மாயர்கள் எங்கும் காணாமல் போகவில்லை.

திகாலில் தேதி பொறித்த கடைசிக் கல் கி.பி. 869-ஐச் சேர்ந்தது. வறட்சி, ஓயாத போர், ஆட்டம் கண்ட அரசுகள் எல்லாம் சேர்ந்து நகரத்தைக் காலி செய்தன, காடு மூடிக்கொண்டது. ஆனால் மாயா அரசுகள் வேறு இடங்களில் தொடர்ந்தன. திகால் போகிறவர்கள் பெரும்பாலும் ஃபுளோரெஸ் என்ற ஏரித் தீவு ஊரில்தான் தங்குவார்கள். இட்சா மாயர்களின் தலைநகரம் இருந்தது அந்தத் தீவில்தான். ஸ்பானியர்கள் அதைப் பிடித்தது 1697-ல். திகாலின் கடைசிக் கல்லுக்கு 800 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து! இன்றும் குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் புழங்குகின்றன.

சரி, சந்தைக்கு வருவோம். உங்கள் பட்டியலில் இருப்பது சிச்சிகாஸ்தெனாங்கோவாகத்தான் இருக்க வேண்டும். வியாழனும் ஞாயிறும் கூடும். பயணிகளுக்கான கடைகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. அவற்றைத் தாண்டி உள்ளே போங்கள். மக்காச்சோளம், மிளகாய், கோழி, சுண்ணாம்பு என்று சுற்றுவட்டாரத்தில் வாழும் கிச்சே என்ற மாயா இன மக்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கும் சந்தை அங்கே இருக்கிறது.

பக்கத்திலேயே சாந்தோ தோமாஸ் தேவாலயம். 1540 வாக்கில் பழைய மாயா வழிபாட்டு மேடை மேல் எழுப்பியது. அதன் 18 படிகளை, மாயா ஆண்டின் இருபது நாள் கொண்ட 18 மாதங்களோடு சேர்த்துச் சொல்வார்கள். கீழ்ப் படிகளில் பெண்கள் பூ விற்பார்கள். மேலே துளையிட்ட தகர டப்பாவில், நம் சாம்பிராணி போன்ற கோப்பல் பிசின் புகையும். முன்வாசல் கிச்சே மக்களின் வழிபாட்டுக்கானது. நீங்கள் பக்கவாசல் வழியாகப் போங்கள், உள்ளே படம் எடுக்காதீர்கள். கிச்சே மக்களின் படைப்புக் கதையான போபோல் வூவை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படியெடுத்து ஸ்பானிய மொழியில் பெயர்த்த பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் இந்த ஊரில்தான் பாதிரியாராக இருந்தார். அந்தப் பிரதி இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. இந்த ஊரிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

துணிமணி என்று ஒதுக்கினீர்களே, அந்தப் பெண்கள் அணியும் உய்பில் ரவிக்கையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தறியின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டி, உடம்பை முன்னும் பின்னும் சாய்த்தே நூலை இழுத்துத் தளர்த்தி நெய்கிறார்கள். நல்ல உய்பில் ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஊருக்கு ஊர் வேலைப்பாடு வேறு. அதே வேலைப்பாட்டை எந்திரத்தில் அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். தங்கள் வடிவங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு நெசவுப் பெண்கள் போராடி வருகிறார்கள். அதனால் கைத்தறி வாங்கினால் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

காணாமல் போன இனம் என்ற பேச்சு எனக்கு வலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமலாக்கப்பட்டார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயர்கள் என்று 1999-ல் அந்தப் போர்க் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையம் சொன்னது. மிக மோசமாக அடிபட்டது கிச்சே மாவட்டம். நீங்கள் போகும் சந்தை இருப்பது அங்கேதான்.

ஆன்டிகுவாவுக்கு ஒன்றரை நாள் போதும். 1773 நிலநடுக்கத்தில் சிதைந்து, தலைநகர் என்ற தகுதியை இழந்த ஊர். பிரதான தேவாலயத்தின் பின்பகுதி இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. அப்புறம் மலைக்குப் போங்கள். சந்தைக்கு முந்தின நாள் மாலையே சிச்சிகாஸ்தெனாங்கோ போய்த் தங்கினால், கடைகளுக்குக் கம்பு நட்டுக் கட்டுவதையும் பார்க்கலாம். கடைசி மூன்று நாளைத் திகாலுக்கு வையுங்கள். நான்காம் கோயில் கிட்டத்தட்ட 65 மீட்டர் உயரம். மரப் படிக்கட்டு வழியாக ஏறலாம். பிப்ரவரி மழை குறைந்த மாதம் என்பதால் பாதையில் சேறு அவ்வளவாக இருக்காது.

அன்புடன்