கனடா குளிரை எப்படித் தாங்குவது?

கேள்வி: அக்கா, மகளுக்குப் பேறுகாலம் பார்க்க ஜனவரியில் கனடா போகிறேன். சஸ்காட்சுவானில் பண்ணை வீடு. எனக்குக் கேமரன் மலைக் குளிரே ஆகாது. என்ன செய்வது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தைரியமாகப் போங்கள், தங்கச்சி. மகன் வீட்டில் நானும் அந்தக் குளிரைப் பார்த்தவள். மைனஸ் 30 எல்லாம் அங்கே சாதாரணம். உள்ளே பருத்தி வேண்டாம்; வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத கோட்டு. சப்பாத்து இறுக்கமாக இருக்கக் கூடாது.

விரல் வெளுத்து மரத்துப்போனால் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள்! நம் கை முதலில் அதைத்தான் செய்யும், ஆனால் உறைந்த சதை சிதைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் உடனே மருத்துவமனை.

எனக்குப் பெரிய கவலை வேறு. பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணி போட வீட்டுக்குள் கரி மூட்டவே மூட்டாதீர்கள். நம் தோட்டத்து வீட்டில் காற்று புகுந்து வெளியேறும். அங்கே எல்லாம் அடைத்த வீடு. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் வீட்டில் இருக்கிறதா என்று மகளிடம் இன்றைக்கே கேளுங்கள்.