ஈஸ்டர் கார்ட்டூனில் இயேசுவே வரவில்லையே, குழந்தைகளுக்குக் காட்டலாமா?

நீங்கள் கேட்பது, 'பீநட்ஸ்' என்ற அமெரிக்கச் சித்திரக்கதையை வைத்து எடுத்த 'இட்ஸ் தி ஈஸ்டர் பீகிள், சார்லி ப்ரௌன்' பற்றி. 1974 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. தாராளமாகக் காட்டலாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் ஈஸ்டரைச் சொல்லிக்கொடுக்கும் படம் என்று நினைத்துப் போடாதீர்கள்.

இதே குழு 1965இல் எடுத்த கிறிஸ்துமஸ் படத்தில் லைனஸ் என்ற சிறுவன் மேடையேறி, இயேசு பிறந்த கதையைச் சொல்லும் லூக்கா 2ஆம் அதிகாரத்தை ஒப்பிப்பான். அதைப் பார்த்தவர்கள் இங்கேயும் காலிக் கல்லறையை எதிர்பார்ப்பது இயல்புதான். இங்கே அப்படி எதுவும் கிடையாது. முட்டையும் கூடையும்தான். ஈஸ்டர் என்றாலே பரிசு கிடைக்கும் காலம் என்கிறாள் லூசி என்ற சிறுமி. சாமான் வாங்கக் கடைக்குப் போனால் அங்கே அதற்குள் கிறிஸ்துமஸ் அலங்காரம்! வியாபாரத்தை நக்கலடிக்கும் அந்த ஒரு இடம் பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்குப் புரியாது.

எனக்குப் பிடித்தது மார்சி. பெப்பர்மின்ட் பேட்டி அவளுக்கு முட்டைக்குச் சாயம் பூசக் கற்றுத்தருகிறாள். முட்டையை வேகவைக்க வேண்டும் என்பதே மார்சிக்குத் தெரியாது. முதலில் எல்லாவற்றையும் உடைத்துப் பொரித்துவிடுகிறாள். அடுத்த தடவை டோஸ்டர், வாஃபிள் கருவி என்று அடுக்களையில் இருக்கிற ஒன்றையும் விடவில்லை. பிறகு ஒருவழியாகக் கொதிக்கும் தண்ணீர் வரை வந்து, அதிலும் உடைத்து ஊற்றி சூப் வைத்துவிடுகிறாள். பேட்டி கையில் காசு தீர்ந்துபோகிறது. கத்துகிறாள், தலையில் அடித்துக்கொள்ளாத குறை, ஆனால் தோழியை விட்டுவிட்டுப் போகவில்லை. கடைசியில் நல்ல முட்டை கைக்கு வரும்போது மார்சி அதை ஓட்டோடு கடித்து, "ருசியே இல்ல சார்" என்கிறாள் (பேட்டியை அவள் கூப்பிடுவது அப்படித்தான்). அதற்கும் யாரும் விளக்கவுரை தருவதில்லை.

என் வகுப்பில் சண்டையே வந்தது முட்டைத் திருட்டில்தான். லூசி தன் முட்டைகளைத் தானே ஒளித்து, தானே கண்டுபிடிக்கத் திட்டம் போடுகிறாள். பின்னாலேயே வந்து சார்லி ப்ரௌனின் நாய் ஸ்னூப்பி அத்தனையையும் பொறுக்கிக் கூடையில் போட்டு, ஊருக்கே தானம் செய்கிறது. லூசிக்கும் அவள் முட்டையே பரிசு! சார்லி ப்ரௌனிடம் வரும்போது கூடை காலி. "திருடிக் கொடுத்தா அது தர்மமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். படம் இதற்குப் பதில் சொல்வதில்லை. வாரக்கணக்கில் கோபமாக இருக்கும் லூசிக்கு ஸ்னூப்பி ஒரு முத்தம் கொடுத்ததோடு முடிகிறது. எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை. பையன் கட்சிதான் நானும்.

எல்லா விதமான பிள்ளைகளும் திரையில் வருகிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் காலத்துக்கு இது பரவாயில்லை. மைதானமே கதி என்று திரியும் பேட்டி, கண்ணாடி போட்ட மார்சி, யாருக்கும் அடங்காத லூசி மூவருமே அலங்காரத்துக்கு வந்தவர்கள் இல்லை. இனம் என்று வந்தால் வண்டி தடுமாறுகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில் ஹாரியட் கிளிக்மன் என்ற ஆசிரியை, 'பீநட்ஸ்' கதையை வரைந்த சார்ல்ஸ் ஷூல்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகுதான், 1968 ஜூலையில், பிராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவன் அந்தச் சித்திரக்கதைக்குள் வந்தான். 1973 நவம்பரில் வந்த, இதே பாத்திரங்களின் நன்றி தெரிவிக்கும் நாள் படத்தில் அவனை விருந்து மேசையின் ஒரு பக்கத்தில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள், அவன் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அந்தக் காட்சியைப் பற்றிய முணுமுணுப்பு இன்றும் ஓயவில்லை. ஈஸ்டர் படம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது.

போட்டுக் காட்டுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. உயிர்த்தெழுதலுக்கு லூக்கா 24 இருக்கிறது, அதை நீங்களே வாசித்துக் காட்டிவிடுங்கள். முட்டைத் திருட்டுக்கு மட்டும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் கேட்பார்கள்.