18ஆம் நூற்றாண்டின் செப்புத்தகட்டு உருவப்படங்கள் அறிஞர்களின் பொதுப் பிம்பத்தை எப்படி உருவாக்கின?

செப்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி எடுப்பதே இவ்வகைப் படம். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் கிடைத்ததால், அறிஞரின் முகம் அவரை நேரில் காணாத வாசகர்களையும் சென்றடைந்தது. பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட நவசெவ்வியல் கலைஞர்கள், பாரிஸில் ஓவியரும் செதுக்குநருமான கொஷேன் செய்ததுபோல, வட்டச் சட்டத்துக்குள் பக்கவாட்டு முகத்தை வைத்தனர். ரோமானிய நாணயத்தில் பேரரசருக்குரிய இடம் அது. இன்று நூலின் பின்னட்டையில் எழுத்தாளரைப் புத்தக அலமாரியின் முன் காட்டுவதைப் போன்ற ஏற்பாடுதான்.

கொஷேனின் வரைபடத்தைக் கொண்டு 1777இல் சேந்த்-ஓபேன் செதுக்கிய அமெரிக்க அறிஞரும் பிரான்ஸுக்கான தூதருமான பெஞ்சமின் பிராங்க்ளின் படத்தில், அக்கால மேட்டுக்குடியினர் அணிந்த பொய்முடி இல்லை. விலங்கு ரோமத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் எளிய உடையுமே உள்ளன. பிரான்ஸ் அவரை எளிய ஞானியாகக் கொண்டாடியதில் இந்தத் தோற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இவற்றைப் புகைப்படம் போன்ற நேரடிப் பதிவாகக் கொள்வது தவறு. செதுக்கியவர் பெரும்பாலும் வேறொருவர் வரைந்ததைப் பார்த்தே செதுக்கினார்.